நூறு கட்டுரைக்கு ஒரு கவ்வாத்து

என்னுடைய முதல் கட்டுரை அச்சில் வந்தது 2008இல். நூறாவது 2023 மார்ச்சில். இடையில் பதினைந்து வருடம் ஞாயிறு பத்திரிகைகளின் உள்பக்கங்களிலும், மலையகத்தில் நாலு இதழ் வந்து நின்றுபோகும் சஞ்சிகைகளிலும் எழுதியிருக்கிறேன். நம் ஆட்கள், மலையகத் தோட்டத் தமிழர், இலங்கைத் தீவுக்கு வந்து 200 வருடம் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்த வருடம் 2023. அந்தச் சூட்டில் எனக்கும் ஒரு ஆசை வந்தது: பழையதை எல்லாம் எடுத்து வாசித்து, பிடித்த நாற்பதைப் பொறுக்கி ஒரு புத்தகம் போட்டுவிடலாம். எல்லாம் ஏற்கனவே எழுதியதுதானே, இரண்டு மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். பதினாறு மாதம் பிடித்தது. வீணாய்ப் போன காசு மட்டும் ஒரு லட்சத்துக்குக் கிட்ட. இப்படியான வேலையில் இறங்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால், என்னிடம் யாரும் சொல்லாத விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் அடி, கட்டுரைகள் என் கையில் இல்லை என்பது. நூறு என்ற எண்ணிக்கை டயரியின் பின்பக்கத்தில் நான் போட்டு வந்த பட்டியலில்தான் இருந்தது. தேடி எடுத்து எண்ணியபோது பத்திரிகை நறுக்காக 58, கணினியிலும் பென் டிரைவிலும் 24. மிச்சம் 18 எங்கேயும் இல்லை. நறுக்குகளை சி.ஆர். என்ற பெரிய கொப்பிகளில் ஒட்டி, காட்போட் பெட்டியில் போட்டு, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். ஒட்டினது கோதுமை மாப் பசையால். இராமபாணப் பூச்சிக்கு மாப்பசை என்றால் கல்யாணச் சாப்பாடு. பசை தடவிய நாலு மூலையையும் தின்றுவிட்டு நடுப்பகுதியை எனக்கு விட்டு வைத்திருந்தது. செலோடேப் ஒட்டிய இடங்களில் டேப் கழன்று, அதன் பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி, எழுத்துக்கு மேல் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பட்டை. ஸ்டேப்ளர் கம்பி துருவேறி, தொட்ட இடம் ஓட்டை. பெட்டி சாய்ந்திருந்தது வெளிச்சுவரில். எங்கள் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் மழை. வெளிச்சுவர் குளிர்ந்து உள்பக்கமும் ஈரம் கசியும். பதினேழு நறுக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அன்றைக்கு இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. யார் மேலே கோபப்பட? வைத்தவன் நான்தான்.

பூஞ்சணம் பிடித்த காகிதத்தை என்ன செய்யக் கூடாது என்பதை மூன்று நறுக்கைப் பலி கொடுத்துத்தான் படித்தேன். முதலாவதை ஈரத்துணியால் துடைத்தேன். பூஞ்சணம் காகிதத்துக்குள் தேய்ந்து கறுப்பாய்ப் படிந்துவிட்டது. இரண்டாவதை வெயிலில் காயப்போட்டேன். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்வது, அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளை எடுக்காமல்தான் தாளாக்குவார்கள். வெயில் பட்டால் மஞ்சளாகி அப்பளம் மாதிரி நொறுங்கும், நொறுங்கியது. மூன்றாவது, ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்துக் கிழித்தது. சரியான வழி இதுதான்: வீட்டுக்குள்ளே, காற்று ஓடும் இடத்தில், நிழலில், அச்சில்லாத வெள்ளைத் தாளை இடைக்கிடையே வைத்து முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். மின்விசிறி நேரே அடிக்கக் கூடாது, பக்கவாட்டில் ஓடட்டும். இரண்டு நாளில் பூஞ்சணம் பொடியாகிவிடும். அதற்குப் பிறகு மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு, இஸ்தோப்புக்கு, அதாவது வெளித் திண்ணைக்கு, எடுத்துப்போய், மென்மையான பெயின்ட் தூரிகையால் ஒரே திசையில் தட்ட வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூசி அடுத்த பெட்டிக்குப் போகும். ஒட்டிப்போன பக்கங்கள் காய்ந்த பிறகு பாதிக்கு மேல் தானாகவே விடும். விடாததைப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

வைப்பதற்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடினால் பத்திரம் என்று நினைப்போம். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அந்தப் பை பூஞ்சணத்துக்குத் தொட்டில்தான். எங்கள் பழைய ஆட்கள் பிறப்புப் பத்திரத்தையும் பதிவுத் துண்டையும் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். ஈரம் அண்டாது, உண்மை. ஆனால் புகை பட்டுத் தாள் பழுப்பாகும். நான் இப்போது செய்வது: உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மரத்தட்டு, மூடியுள்ள தகரப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளையில் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே நவம்பர் தொடங்கி ஜனவரி வரைதான் கவனிக்க வேண்டும்.

காணாமல் போன 18ஐத் தேடியதுதான் நாளை விழுங்கியது. பத்திரிகைகளின் பழைய பிரதிகள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. ஆனால் திகதி தெரியாமல் அங்கே போவது, தண்ணீர்ப் பீலி எங்கே என்று தெரியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது மாதிரி. என் டயரிப் பட்டியலில் தலைப்பும் வருடமும் மட்டும்தான் இருந்தன. ஒரு நாள் முழுக்கப் புரட்டினால் என்னால் இரண்டு மாதப் பத்திரிகையைத்தான் பார்க்க முடிந்தது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக பஸ்ஸில் இறங்கி, ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். இரண்டு பயணத்துக்கு 9,400 ரூபா போனது, கிடைத்தது ஐந்து கட்டுரை. மூன்றாவது பயணத்தை நிறுத்திவிட்டு, வேலையின்போது பழகிய நண்பர்களுக்குப் போன் போட்டேன். ஆறு பேரைக் கேட்டதில் இன்னும் நாலு கட்டுரை வந்தன. ஒன்று ஒரு அக்காவின் அலுமாரித் தட்டில் விரிப்பாகக் கிடந்ததாம். சஞ்சிகைகளில் வந்த இரண்டு நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்பில் அகப்பட்டன. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை ஸ்கேன் செய்து சேர்த்து வருபவர்கள் அவர்கள். முதலில் அங்கே தேடியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். மிச்சம் ஏழு இன்னும் வரவில்லை.

ஆகவே கட்டுரை வெளிவந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நறுக்குவதற்கு முன்னால் முழுப் பக்கத்தையும், பக்கத் தலையில் பத்திரிகைப் பெயரும் திகதியும் தெரியும்படி, ஒரு படம். நறுக்கின பிறகு ஓரத்தில் பென்சிலால் திகதி, பக்க எண். பேனை வேண்டாம், ஈரம் பட்டால் பரவும். படத்தின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். படம் எடுக்க ஸ்கேனர் தேவையில்லை. பனி மூடின பகலில் ஜன்னலோரத்து வெளிச்சம் மாதிரி வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. நிழல் விழாது, பளபளப்பு வராது. ஃபிளாஷைப் போடாதீர்கள். போனைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள்.

அடுத்தது எழுத்தாக்குவது. அவசரத்தில் 58 நறுக்கையும் டவுனில் ஒரு இடத்தில் தட்டச்சுக்குக் கொடுத்தேன். 230 பக்கம், பக்கத்துக்கு 80 ரூபா, மொத்தம் 18,400. வந்தது பாமினி எழுத்துருவில். பிறகுதான் தெரிந்தது, படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழை அதுவே எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும் என்று. செலவில்லை. ஆனால் அதற்கும் சூட்சுமம் உண்டு. பத்திரிகையில் மூன்று நாலு பத்திகள் அருகருகே ஓடும். முழுப் படத்தைக் கொடுத்தால் முதல் பத்தியின் வரியையும் இரண்டாம் பத்தியின் வரியையும் சேர்த்து வாசித்துவிடும். ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டிக் கொடுங்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது இணைப்புக் கோடு போடுவதில்லை. அதனால் ‘தொழி லாளர்’, ‘கொழு ந்து’ என்று இடைவெளியோடு வரும். ‘ர’ என்ற எழுத்தும் துணைக்காலும் இடம் மாறும். தெளிவான நறுக்கில் பத்திக்கு இரண்டு மூன்று பிழை, மங்கினதில் வரிக்கு இரண்டு. மங்கினதைத் திருத்துவதைவிட நாமே தட்டுவது வேகம்.

பாமினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்குப் பெரிய குழி வெட்டியது அதுதான். பாமினியில் தட்டியது உண்மையில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது அதனால்தான். யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் என்றே சொந்த எண்கள் இருக்கின்றன. எங்கே திறந்தாலும் தமிழ்தான். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றக் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றும்போது மூன்று இடத்தில் உதைக்கும். ஒன்று, காற்புள்ளி. ஆங்கிலத்தில் காற்புள்ளி இருக்கும் விசையில் பாமினியில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. தட்டச்சு செய்தவர் காற்புள்ளியை வேறு எழுத்துருவில் போட்டிருந்தால், மாற்றின பிறகு ‘ஹட்டன்இ பொகவந்தலாவைஇ மஸ்கெலியா’ என்று வரும். இரண்டு, ஆங்கிலச் சொற்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மூன்றெழுத்துச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். அது ‘ஐடுழு’ ஆகிவிட்டது. மூன்று, ஔகாரம். ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் போட்டுத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் தேடினால் அகப்படாது. மாற்றி முடித்ததும் ‘இ’ என்ற எழுத்தில் முடியும் சொற்களைத் தேடிப் பாருங்கள். தமிழில் அப்படிச் சொல் கிடையாது, வருவதெல்லாம் காற்புள்ளிதான்.

எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தபோது ஏழு மாதம் ஓடிவிட்டது. இனிமேல்தான் இனிப்பான பகுதி என்று நினைத்து வாசிக்க உட்கார்ந்தேன். காலவரிசையில், பேனை எடுக்காமல், ஒரே வாரத்தில் 93 கட்டுரை. இதை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன், செய்தபோது பட்ட வெட்கம் கொஞ்சமில்லை. 93இல் பதினேழு கட்டுரை பனிமூட்டத்தோடு தொடங்குகிறது. பனி விலகுகிறது, மலைமுகடு தெரிகிறது, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நடக்கிறாள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தபோது யாருக்கும் தெரியவில்லை, எனக்குமே தெரியவில்லை. புத்தகத்தில் அடுத்தடுத்து வந்தால் வாசகர் இரண்டாவது பனியிலேயே மூடி வைத்துவிடுவார். 1823 என்ற வருடமும், கண்டிச் சீமைக்கு, இந்த மலைநாட்டுக்கு, நம் ஆட்களைக் கூட்டிவந்த கதையும் இருபத்திரண்டு கட்டுரையில் முதல் இரண்டு பந்திக்குள் வருகிறது. பத்திரிகையில் ஒவ்வொரு முறையும் புதிய வாசகருக்குப் பின்னணி சொல்ல வேண்டியிருக்கிறது, சரி. தொகுப்பில் அது ஒரு தடவை போதும்.

பிடித்தவை என்று நான் நினைத்திருந்த நாற்பதில் பதினாறு தேறவில்லை. ஏன் பிடித்திருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்று வந்த வாரம் பஸ்ஸில் ஒரு முன்பின் தெரியாத ஐயா கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொன்றுக்கு எதிராக ஒரு தொழிற்சங்கக்காரர் மறுப்பு எழுதினார். அந்தச் சந்தோஷமும் கோபமும் கட்டுரையில் இல்லை, என் ஞாபகத்தில்தான் இருந்தது. அதற்குப் பதிலாக, எழுதினதே மறந்துபோன சில தலை தூக்கின. லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், எட்டுப் பேர் எப்படிப் படுக்கிறார்கள் என்று அளவோடு எழுதின ஒன்று. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பதை ஒரு வாரம் நின்று குறித்து எழுதின ஒன்று. கருத்துச் சொன்ன கட்டுரைகள் வாடிப்போயிருந்தன. கண்ட விஷயத்தைக் குறித்து வைத்தவை பச்சையாக இருந்தன. தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து என்று வெட்டினவர்களுக்குத் தெரியும், வெட்டின அன்றைக்கு மலை சுடுகாடு மாதிரிக் கிடக்கும். ஐம்பத்தொன்றைத் தள்ளிவிட்டு 42ஐக் கையில் வைத்திருந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தேர்ந்தவற்றை அப்படியே போடவும் முடியாது. நாட்கூலி பற்றி எழுதினவை நாலு. 2013இல் எழுதினதில் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 620 ரூபா, 2016இல் 730, 2019இல் 750, 2021 மார்ச்சுக்குப் பிறகு எழுதினதில் 1,000. நாலிலும் ‘இன்று ஒரு தொழிலாளிக்குக் கிடைப்பது’ என்றே எழுதியிருக்கிறேன். எந்த ‘இன்று’? பழைய தொகையை அழித்துப் புதியதைப் போடலாமா என்று முதலில் நினைத்தேன். போட்டால் அந்தத் தொகையை வைத்து எழுதின அரிசிக் கணக்கு, கடைக் கடன் கணக்கு எல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே உடம்பைத் தொடாமல், தலைப்புக்குக் கீழே மாதமும் வருடமும், அடியில் ஒரு வரிக் குறிப்பு. அதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன்: குறிப்பில் ‘தற்போது 1,000’ என்று போட்டேன். புத்தகம் 2024 ஓகஸ்டில் வந்தது. செப்டெம்பரில் அடிப்படை 1,350 ஆகிவிட்டது. ‘2024 ஜூலையில் 1,000’ என்று போட்டிருந்தால் அந்த வரி என்றைக்கும் சரி. தொகுப்பில் ‘தற்போது’, ‘சமீபத்தில்’, ‘கடந்த வருடம்’ மூன்றையும் தேடி எடுத்துவிட்டு வருடத்தைப் போடுங்கள்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்த வாரம் எழுதினது இன்னொரு வகைச் சிக்கல். அந்த வாரம் காணாமல் போனவர்கள் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். நானும் ஒன்றை எழுதிவிட்டேன். பிறகு அந்தத் தொகை நிறையக் குறைந்தது. அனர்த்தம் நடந்த வாரத்து எண்ணிக்கையைத் திருத்தாமல் தொகுப்பில் போட்டால் அடுத்து எழுதுகிறவர் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வார். அந்த வசனத்தை எடுத்துவிட்டேன், எடுத்ததை அடிக்குறிப்பில் சொன்னேன்.

ஆட்களின் பெயர் இதைவிடப் பாரமான விஷயம். பதினொரு கட்டுரையில் உயிரோடு இருப்பவர்களைப் பெயரோடு எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை திங்கட்கிழமை பருப்புச் சுற்றப் போய்விடும், புத்தகம் போகாது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளை என்று நான் எழுதினவர், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அவருடைய மாமியார் வீட்டுக்கு அந்தக் கதையே தெரியாது. நான் கேட்கப் போனபோது, “அண்ணே, அது நான்தான்னு யாருக்கும் தெரிய வேணாம்” என்றார். நிறுவைக் கணக்கு சொன்ன ஒருவர் அதே தோட்டத்தில் இன்னும் பேர் போட்டு வேலை செய்கிறவர். அவரும் வேண்டாம் என்றார். மூன்று பெயரை மாற்றினேன், தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவான டிவிஷனையும் எடுத்தேன். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, டிவிஷன் பெயரும் வயதும் இருந்தால் ஊரில் யாருக்கும் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம். இந்த வேலைக்கு ஒன்றரை மாதம் போனது. அந்த ஒன்றரை மாதத்துக்காக எனக்குக் கவலை இல்லை.

உரிமை பற்றி நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவருக்கே உரிமை, அவர் காலத்துக்குப் பின்னும் 70 வருடம். சம்பளத்துக்குப் பத்திரிகையில் வேலை பார்த்து எழுதினால் அல்லது எழுதிக் கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்தால் கதை வேறு. நான் வெளியிலிருந்து எழுதினவன்; ஆனாலும் மரியாதைக்கு ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு கடிதம் போட்டேன். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எடுத்த படம் நம்முடையது அல்ல. நறுக்கிலிருந்து ஸ்கேன் செய்தாலும் அச்சில் புள்ளி புள்ளியாய் அலையடிக்கும். மூலப் படம் இல்லாவிட்டால் படமே வேண்டாம்.

அச்சகத்துக்குப் போகும் முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு பதினாறின் கணக்கு. ஒரு பாரம் என்பது 16 பக்கம். 176 பக்கம் என்றால் 11 பாரம் சரியாக வரும். 178 என்றால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரமோ அரைப் பாரமோ ஓட வேண்டும். முன்னுரையில் ஒன்றரைப் பக்கத்தை வெட்டி 176க்குள் வந்தேன். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், 88 தாளுக்கு முதுகு 9 மில்லிமீற்றர். அட்டை வடிவமைக்கிறவரிடம் இதைச் சொல்லாவிட்டால் முதுகில் உள்ள தலைப்பு முன்பக்கத்துக்கு வழிந்துவிடும். 70 ஜிஎஸ்எம் போட்டால் காசு குறையும், ஆனால் மறுபக்க எழுத்து தெரியும். தாளின் நார் ஓட்டம் முதுகுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். குறுக்கே இருந்தால் நம் ஊர் ஈரத்தில் புத்தகம் பப்படம் மாதிரி நெளியும். சூட்டுப் பசை பைண்டிங் மலிவு, ஆனால் நுவரெலியாக் குளிரில் பசை விறைத்துப்போய், விரித்து வைத்தால் பக்கம் கையோடு வரும். தையல் போட்டுத் தரச் சொல்லியிருந்தால் பிரதிக்கு 45 ரூபா கூட. நான் மிச்சம் பிடித்தேன். விலை கேட்கும்போது வற் வரி சேர்த்தா, இந்த விலை எத்தனை நாளைக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2022இல் தாள் இல்லாமல் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. எனக்கு 300 பிரதிக்கு 1,92,000 என்று முடிவானது, பிரதி 640 ரூபா.

இப்போது அந்தக் குழி. அச்சகத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளில் யுனிகோட் போட்டால் கொம்புகள் இடம் மாறி விழுந்தன. இன்டிசைனில் பல மொழி எழுத்துக்கான ‘வேர்ல்ட் ரெடி’ அமைப்பைத் தெரிவு செய்தால் சரியாகும், அது அவர்களுக்கும் தெரியவில்லை, அன்றைக்கு எனக்கும் தெரியாது. அதனால் என் யுனிகோடைத் திரும்பவும் பாமினியாக்கினார்கள். முழுப் புத்தகத்தின் அச்சுக்கு முந்திய புரூப்பையும் தாளில் எடுத்து வாசித்தேன், கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு சொந்தப் புத்தி கெட்டு நாலு கட்டுரையை மாற்றினேன். அந்த நாலையும் வேறொரு கருவியில் மாற்றியிருக்கிறார்கள். அது காற்புள்ளியை அப்படியே விட்டுவிட்டது. பாமினியில் அது என்னவாகும் என்று மேலே சொன்னேன். போனில் வந்த பீ.டி.எஃப்பைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் “ஓகே” என்று அனுப்பினேன். 113ஆம் பக்கத்திலிருந்து 136ஆம் பக்கம் வரை, இருபத்துநாலு பக்கம், காற்புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் ‘இ’. முதல் கட்டை வீட்டில் பிரித்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்த உடனே அதுதான் கண்ணில் பட்டது. கை நடுங்கியது. போன் போட்டபோது 120 பிரதி ஒட்டி வெட்டியாகிவிட்டது, 180 இன்னும் பாரமாகவே கிடந்தது. ஒட்டினதைப் பிரிக்க முடியாது. 180க்கு மட்டும் எட்டாவது, ஒன்பதாவது பாரங்களைத் திரும்ப அடித்தோம், 21,600 ரூபா. 120இன் பெறுமதி 76,800. இரண்டும் சேர்த்து 98,400. கையெழுத்து என்னுடையது என்பதால் அச்சகத்தோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

கடைசி மாற்றம் எவ்வளவு சின்னதென்றாலும், மாற்றின பக்கமும் அதற்கு முன்பின் பக்கமும் தாளில் வர வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க மற்றவர் புரூப்பைப் பின்தொடர வேண்டும். காற்புள்ளியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பொருளடக்கத்துப் பக்க எண்ணையும், பக்கத் தலைப்புகளையும், உள்ளேயும் பின்னட்டையிலும் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணையும் கட்டுரைகளோடு சேர்த்துப் பார்க்காமல் தனியாக ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அந்த எண் கொழும்பு 7இல் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் தருவார்கள். 13 இலக்கம், நம் நாட்டுக்கு 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும். அட்டை வேலை முடியும் முன்னமே விண்ணப்பியுங்கள், பட்டைக்குறியீடு பின்னட்டையில் போக வேண்டும்.

விலையிலும் ஒரு சறுக்கல். 640க்கு அடித்ததை 900 என்று போட்டால் 260 மிஞ்சும் என்று நினைத்தேன். கடைக்காரர் கேட்ட கழிவு 35 வீதம். 900இல் 315 போனால் 585. கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் நான் 55 ரூபா கொடுத்து விற்றேன். அடக்க விலையை 0.65ஆல் வகுத்துப் பாருங்கள், 985 வரும். அதற்குக் கீழே போட்டால் கையை விட்டுத்தான் போகும். தபாலில் அனுப்புகிறவர்கள் லயத்து முகவரிக்கு அனுப்பும்போது பெயரோடு டிவிஷன், தோட்டம், தபாற் கந்தோர், போன் நம்பர் எல்லாம் எழுதுங்கள். தோட்டத்து ஒபிஸ் மேசையில் பார்சல் மூன்று வாரம் கிடந்து திரும்பி வந்தது எனக்கு இரண்டு.

பிழையான 120ஐ எரிக்கத்தான் நினைத்தேன். பிறகு பிழைத்திருத்தத் துண்டு ஒன்றை ஒட்டி, பள்ளிக்கூட நூலகங்களுக்கும் தோட்டத்து வாசிப்பு அறைகளுக்கும் சும்மா கொடுத்தேன். போன மாதம் ஒரு உயர்தர வகுப்புப் பிள்ளை போன் எடுத்து, “சேர், 118ஆம் பக்கத்துல ஏன் இவ்வளவு ‘இ’?” என்று கேட்டாள். துண்டு கழன்று விழுந்திருக்கிறது. அதையும் மாப்பசையால்தான் ஒட்டியிருந்தேன்.